அடுப்பைச் சுற்றி வளர்ந்த மலையேற்றம்

1901 ஜூலையில் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், யோசெமிட்டிக்கு மேலே துவாலமி புல்வெளி என்ற இடத்தில் 96 பேர் முகாம் போட்டார்கள். வக்கீல்கள், பேராசிரியர்கள், பள்ளிக்கூட ஆசிரியைகள், கல்லூரி மாணவர்கள் என்று எல்லாத் தரப்பிலிருந்தும் வந்திருந்தார்கள். பெரும்பாலோர் சான் பிரான்சிஸ்கோவையும் அதன் சுற்றுவட்டார ஊர்களையும் சேர்ந்தவர்கள். புல்வெளி இருப்பது சுமார் 8,600 அடி உயரத்தில். மாவு, காபி, வாணலி, அடுப்பு, படுக்கை என்று எது வேண்டுமானாலும் கீழேயிருந்துதான் போயாக வேண்டும். அத்தனை பேருக்கும் மூன்று வேளையும் சமைத்துப் போட்டு, மலைமேல் கூட்டிப்போய், பத்திரமாகத் திரும்பக் கூட்டிவருவது சின்ன வேலையா? அதைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டவர் வில்லியம் கோல்பி என்ற 26 வயது வக்கீல்.

கோல்பி சியரா கிளப்பின் செயலாளர். 1892இல் தொடங்கிய அந்தச் சங்கத்துக்கு ஜான் மியூர் தலைவர். ஒன்பது வருடமாகக் கூட்டம் நடத்தினார்கள், பத்திரிகை போட்டார்கள், அரசாங்கத்துக்கு மனு அனுப்பினார்கள். ஆனால் உறுப்பினர்களில் பலருக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. எந்த மலைக்காக மனு போடுகிறார்களோ அந்த மலையைப் பார்க்காதவர்களும் இருந்தார்கள். எல்லாரையும் கோடையில் மலைக்கே அழைத்துப்போய் ஒன்றாகத் தங்கவைத்தால் இரண்டு குறையும் ஒரேயடியாகத் தீரும் என்பது கோல்பியின் கணக்கு. காட்டின்மேல் அக்கறை பிறக்கும், ஆட்களுக்குள் ஒட்டுதலும் வரும். மியூர் உற்சாகமாக ஆதரித்தார். பிறகு தன் மகள்களோடு அவரே முகாமுக்கு வந்தும் இருக்கிறார். இந்தக் கோடைப் பயணங்களுக்கு ‘ஹை ட்ரிப்’ என்று பெயர் நிலைத்தது. கோல்பி 1929 வரை அவற்றை நடத்தினார்.

மலையேற்ற வரலாறு என்றால் சிகரங்களின் பட்டியலும், முதலில் ஏறியவர்களின் பெயர்களும்தான் பொதுவாகக் கிடைக்கும். அந்தச் சிகரங்களில் பலவற்றில் ஏறுவதற்கான ஆள் எங்கே கிடைத்தார், கயிற்றின் மறுமுனையை யார் கையில் கொடுத்தார்கள், அந்த நம்பிக்கை எங்கே முளைத்தது என்று தேடிக்கொண்டு போனால் முகாமின் சமையல் அடுப்பருகே வந்து நிற்க வேண்டியிருக்கிறது. வட அமெரிக்காவின் மலையேற்றச் சங்கங்களை வளர்த்தது சிகரத்தை விட முகாம்தான்.

லண்டனில் 1857இல் தொடங்கிய ஆல்பைன் கிளப்தான் உலகத்திலேயே முதல் மலையேற்றச் சங்கம். அதில் சேர ஒருவர் ஏற்கெனவே மலை ஏறித் தகுதி காட்டியிருக்க வேண்டும். பெண்களுக்கு இடமில்லை. அந்தக் கதவு திறந்தது 1970களின் நடுவில்தான். அட்லாண்டிக்கின் மறுபக்கம் கதை வேறு மாதிரி நடந்தது. 1894 ஜூலை 19 அன்று ஆரிகன் மாநிலத்தின் ஹூட் சிகரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், பெண்களும் ஆண்களுமாக, ஏறி நின்று மசாமாஸ் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். பத்திரிகையில் அழைப்பு கொடுத்துச் சேர்த்த கூட்டம் அது. முந்தைய நாளே மலைச்சரிவில் வந்து முகாம் போட்டிருந்தார்கள். சங்கம் பிறப்பதற்கு முன்பே முகாம் பிறந்துவிட்டது என்று சொல்லலாம்.

ஹை ட்ரிப்பின் ஒரு நாள் எப்படிப் போகும்? கூட்டம் சில வருடங்களில் இருநூறைத் தொட்டது. பயணம் நான்கு வாரம் வரை நீளும். ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். சில நாள் தங்குவது, பிறகு அடுத்த பள்ளத்தாக்குக்கு நகர்வது. இடம் மாறும் நாளில் விடியும் முன்பே எழ வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு கான்வாஸ் மூட்டை. மாற்றுத்துணியும் படுக்கையும் அதற்குள் அடங்க வேண்டும், எடைக்கு வரம்பும் உண்டு. தராசில் கூடுதலாகக் காட்டினால் பிரித்து எதையாவது வெளியே எடுக்க வேண்டியதுதான். மூட்டைகளைக் கட்டிக் குவித்ததும் கோவேறு கழுதைக்காரர்கள் அவற்றை இரு பக்கமும் சமமாகத் தொங்கும்படி ஏற்றிக் கயிற்றால் இறுக்குவார்கள். ஒரு பக்கம் கனத்துவிட்டால் குறுகலான பாதையில் கழுதை சாய்ந்துவிடும். உறுப்பினர்கள் மதியச் சாப்பாட்டை மட்டும் பையில் போட்டுக்கொண்டு, ஆளாளுக்கு விருப்பமான வேகத்தில் நடப்பார்கள். சிலர் நேராக அடுத்த முகாமுக்குப் போவார்கள். சிலர் வழியில் ஒரு சிகரத்தை ஏறிவிட்டு இருட்டும் நேரத்தில் வந்து சேருவார்கள்.

யார் எந்தப் பாதையில் வந்தாலும் கடைசியில் சேரும் இடம் சமையல்கூடம். நம் ஊர்க் கல்யாண வீட்டில் கோட்டை அடுப்பைச் சுற்றி நடக்கும் அதே பரபரப்பை ஒன்பதாயிரம் அடி உயரத்தில் வைத்துப் பாருங்கள். இரும்புத் தகட்டு அடுப்புகளைக் கழுதை முதுகில் ஏற்றிப்போய், நின்ற இடத்தில் இறக்கிப் பற்றவைப்பார்கள். பெரிய பாத்திரங்களில் சூப்பும் குழம்பும் கொதிக்கும். வரிசையில் நிற்கும் ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு கிண்ணம் தொங்கும். வாய் அகன்று அடி குறுகிய உலோகக் கிண்ணம். விளிம்பைச் சுற்றிவந்த கம்பியே நீண்டு வளைந்து கைப்பிடியாகும். அந்தக் கைப்பிடியை பெல்ட்டில் மாட்டிக்கொள்ளலாம். ஓடையில் குனிந்து தண்ணீர் மொள்ளவும், காலையில் காபிக்கும், இரவில் சூப்புக்கும், கடைசியில் இனிப்புக்கும் அதே கிண்ணம். ‘சியரா கப்’ என்ற பெயரில் அது இன்றும் முகாம் சாமான் கடைகளில் விற்கிறது.

அந்த அடுப்புகளுக்குப் பின்னால் நின்றவர்களையும் சொல்லியாக வேண்டும். ஆரம்பகாலப் பயணங்களில் சமையலைக் கவனித்தவர்கள் சீனச் சமையல்காரர்கள். துவாலமி புல்வெளி வழியாகப் போகும் தியோகா சாலையை 1882-83இல் போட்ட கூலிக்காரர்களிலும் சீனர்கள் இருந்தார்கள். அதே 1882இல்தான் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரக்கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டது. அந்த விலக்கு 1943 வரை நீடித்தது. உறுப்பினர்கள் நடந்த பாதைகள் பலவும் பயூட், மீவோக் முதலான பழங்குடி மக்கள் மலையைக் கடந்து வியாபாரம் செய்த தடங்கள்தான். அந்தக் காலத்தில் கிளப்பில் சேர, இருக்கிற உறுப்பினர்களின் பரிந்துரை வேண்டியிருந்தது. உள்ளே யாரையும் தெரியாதவருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. முகாமின் தோழமையைப் பாராட்டும்போது, அந்தத் தோழமைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு நேர்மையாக இருக்கும்.

பெண்களைப் பொறுத்தவரை சியரா கிளப் தொடக்கத்திலிருந்தே கதவைத் திறந்து வைத்திருந்தது. பயணங்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பெண்கள். முகாமை மூன்றாகப் பிரிப்பார்கள்: ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள், நடுவில் குடும்பஸ்தர்கள். உடை விஷயத்தில் கிளப்பின் அறிவிப்பு தெளிவாகவே பேசியது. பாவாடை முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுப்பாதி வரைதான் இருக்கலாம், உள்ளே கால்சட்டை மாதிரியான உடுப்பு போட்டுக்கொள்ளலாம் என்றது. ஊருக்குள் தரையைத் தொடும் பாவாடையோடு நடந்த காலம் அது. மலையில் ஒரு மாதம் அந்த உடையில் பன்னிரண்டாயிரம் அடி கணவாயைத் தாண்டி, சிகரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த ஆசிரியைக்கு ஊர் திரும்பிய பிறகு மனசு பழையபடி இருந்திருக்குமா?

இரவுச் சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் பெரிய தீயைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். நாளைய பாதை அங்கேதான் அறிவிக்கப்படும். பேராசிரியர்கள் பனியாறு பாறையை எப்படிச் செதுக்கியது என்று பேசுவார்கள். பாட்டு உண்டு, நாடகம் உண்டு. செட்ரிக் ரைட் என்ற வயலின் கலைஞர் பல கோடைகளில் வயலினோடு வந்து வாசித்தார். அவருடைய நெருங்கிய நண்பர் ஒருவர் 1920களில் கிளப்பின் யோசெமிட்டி விடுதியைப் பார்த்துக்கொள்ளும் இளைஞராகச் சேர்ந்து, பிறகு பயண நிர்வாகியாகவும் புகைப்படக்காரராகவும் ஆனார். அவர்தான் ஆன்சல் ஆடம்ஸ். பியானோ கலைஞராக வேண்டும் என்று பயிற்சி எடுத்தவர். 1930களின் தொடக்கத்தில் கிரேக்கத் துன்பியல் நாடகப் பாணியில், நடந்து நடந்து களைத்த மலையேறிகளைப் பற்றி ‘எக்ஸாஸ்டோஸ்’ என்று ஒரு வேடிக்கை நாடகம் எழுதி முகாமில் போட்டார். போர்வையே அங்கியாக, பாறையே மேடையாக நடந்த நாடகம். பகலில் கணவாயில் மூச்சு வாங்கியவர்களே இரவில் பாத்திரங்கள்.

இப்படி ஒரு மாதம் சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து நடந்து, சேர்ந்து சிரித்தவர்களுக்குள் கல்யாணங்களும் நடந்தன. அவற்றில் ஒன்று மலையேற்ற வரலாற்றில் இடம்பெற்றது. பிரான்சிஸ் ஃபார்க்கர் கணக்காயர், கிளப்பின் பத்திரிகை ஆசிரியர். மார்ஜரி பிரிட்ஜ் 1929இல் ஹை ட்ரிப்புக்கு வந்த இளம்பெண். மலையேற்றத்தில் மார்ஜரி மளமளவென்று முன்னேறினார். 1934இல் விட்னி சிகரத்தின் கிழக்கு முகத்தை ஏறிய முதல் பெண் அவர். அதே வருடம் யோசெமிட்டியின் ஹையர் கதீட்ரல் ஸ்பையரையும் முதல் பெண்ணாக ஏறினார். வருடக் கடைசியில் இருவருக்கும் கல்யாணம்.

கயிற்றின் கதையைத் தொடங்க வேண்டிய இடமும் ஃபார்க்கர்தான். 1930 வரை சியராவில் முறையான கயிற்று நுட்பம் கிடையாது என்றே சொல்லலாம். துணிச்சலும் கைப்பிடியும்தான் முதல். தவறினால் போச்சு. அந்த வருடம் கனடா மலைகளில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து ஆட்களோடு ஏறிய ஃபார்க்கர், அவர்கள் கயிற்றைப் பயன்படுத்தும் விதத்தைப் பார்த்தார். ஹார்வர்டில் தத்துவம் கற்பித்த ராபர்ட் அண்டர்ஹில் ஆல்ப்ஸ் மலைகளில் ஏறிப் பழகியவர். அவரிடம் கிளப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதச் சொன்னார். அது 1931 பிப்ரவரியில் வந்தது. அந்தக் கோடையில் அண்டர்ஹில்லையே முகாமுக்கு வரவழைத்துவிட்டார்.

அதற்கு முன்பே, ஜூலை 12 அன்று துவாலமி பக்கத்து யூனிகார்ன் சிகரத்தில் ஃபார்க்கர் தனக்குத் தெரிந்த கயிற்று வேலையை இளைஞர்களுக்குக் காட்டியிருந்தார். அண்டர்ஹில் வந்ததும் பாடம் சூடுபிடித்தது. வகுப்பில் இருவர் எல்லாரையும் முந்தினார்கள். இருவருக்கும் 19 வயது. க்ளென் டாசன் லாஸ் ஏஞ்சலஸ் புத்தகக் கடைக்காரரின் மகன். அப்பா முகாமுக்கு வழக்கமாக வருபவர், மகனும் அந்தத் தீயருகே வளர்ந்த பையன். ஜூல்ஸ் ஐக்கார்ன் ஆன்சல் ஆடம்ஸிடம் பியானோ கற்றுக்கொண்ட மாணவன். பியானோ வாத்தியார் மூலம் மலைக்கு வந்தவன்.

முகாம் கலைந்த பிறகு ஒரு சிறு குழு தெற்கே பாலிசேட் சிகரங்களுக்குப் போனது. ஆகஸ்ட் 13 அன்று, அதுவரை யாரும் ஏறாத 14,000 அடிக்கு மேற்பட்ட ஒரு சிகரத்தின் உச்சிக்குப் போய்விட்டு இறங்கும்போது இடிமழை பிடித்துக்கொண்டது. முகட்டில் கடைசியாக நின்ற ஐக்கார்னுக்கு மயிரிழையில் மின்னல் வெட்டியது. சிகரத்துக்கு ‘தண்டர்போல்ட்’ என்றே பெயர் வைத்தார்கள். மூன்று நாள் கழித்து ஆகஸ்ட் 16 அன்று அண்டர்ஹில், டாசன், ஐக்கார்ன் மூவரும் நார்மன் கிளைடையும் சேர்த்துக்கொண்டு விட்னியின் கிழக்கு முகத்துக்குப் போனார்கள். கிளைடுக்கு வயது 46. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு மலையிலேயே வாழ்ந்தவர். 14,505 அடி உயர விட்னிக்கு மறுபக்கத்தில் நடந்தே ஏறும் பாதை உண்டு. கிழக்கு முகமோ செங்குத்துச் சுவர். நான்கு பேரும் மூன்றேகால் மணி நேரத்தில் ஏறி முடித்தார்கள். கலிபோர்னியாவின் நவீனப் பாறையேற்றம் அந்தக் கோடையில் பிறந்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஒரு தத்துவ வாத்தியார், ஒரு பழைய தலைமையாசிரியர், புத்தகக் கடைக்காரர் மகன், பியானோ மாணவன்: இந்த நால்வரை ஒன்றாகச் சேர்த்தது, கிளப்பின் முகாமைச் சுற்றி உருவான பழக்கம்.

கோடை முடிந்ததும் கற்றது மறந்துவிடக் கூடாதே என்று அடுத்த வருடம் பெர்க்லியில் சட்ட மாணவர் டிக் லெனர்ட் ஒரு சிறு குழுவைச் சேர்த்தார். ஊருக்குள்ளேயே இருக்கும் கிராக்மான்ட் பாறையில் பயிற்சி. பாறையின் பெயரே குழுவின் பெயர். 1932 முடிவதற்குள் அது சியரா கிளப்பின் பாறையேற்றப் பிரிவாக இணைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், பாறையடியில் ஆட்கள் கூடிவிடுவார்கள். சாப்பாடு, அரட்டை, பயிற்சி எல்லாம் ஒன்றாக நடக்கும். அந்தப் பயிற்சி மற்ற இடங்களில் இல்லாத ஒன்று. ஏறக் கற்றுக்கொடுத்ததோடு நிற்காமல் விழவும் கற்றுக்கொடுத்தார்கள்.

மேலே ஏறுபவர் வேண்டுமென்றே பாறையிலிருந்து குதிப்பார். கீழே கயிறு பிடிப்பவர், அதாவது பிலே செய்பவர், கயிற்றை இடுப்பைச் சுற்றி ஓடவிட்டு அவரைத் தாங்க வேண்டும். அந்தக் காலத்துக் கயிறு மணிலா நார். விழுகிறவரைச் சட்டென்று நிறுத்தினால் அந்த வெட்டில் கயிறு அறுந்துவிடும், அல்லது பிடிக்கிறவரே பிடுங்கி எறியப்படுவார். அதனால் லெனர்ட் குழு ஒரு வழி கண்டது: கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவவிட்டு, படிப்படியாக இறுக்கி நிறுத்துவது. அதிர்ச்சி நீளமான கயிற்றிலும் நேரத்திலும் பரவிவிடும். தடித்த கோட்டு போட்டுக்கொண்டு, கையுறை மாட்டிக்கொண்டு, எவ்வளவு இழுப்புக்கு எவ்வளவு நழுவவிடலாம் என்பது உடம்பில் பதியும்வரை திரும்பத் திரும்பச் செய்தார்கள். இந்த அனுபவத்தை வைத்து லெனர்டும் ஆர்னால்ட் வெக்ஸ்லரும் எழுதிய கட்டுரை 1946இல் கிளப் பத்திரிகையில் வந்து, பிலே பாடத்துக்கு அடிப்படையானது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பின் தெரியாதவர் கயிறு பிடித்தால் யாரும் வேண்டுமென்று குதிக்க மாட்டார்கள். ஞாயிறுதோறும் கூடி, கூடை பிரித்துச் சேர்ந்து சாப்பிட்ட பழக்கம்தான் அந்தக் குதிப்பைச் சாத்தியமாக்கியது. பலன் சீக்கிரமே தெரிந்தது. 1934 ஏப்ரல் 15 அன்று ஐக்கார்ன், லெனர்ட், பெஸ்டர் ராபின்சன் மூவரும் ஹையர் கதீட்ரல் ஸ்பையரின் உச்சியைத் தொட்டார்கள். 1939 அக்டோபரில் அதே பிரிவைச் சேர்ந்த நால்வர், டேவிட் பிரவர் உட்பட, நியூ மெக்சிகோவின் ஷிப்ராக்கை ஏறினார்கள். அமெரிக்க மலையேற்றத்தில் பாறையில் துளை போட்டு போல்ட் அடித்தது அதுதான் முதல் தடவை. நவாஹோ மக்கள் புனிதமாகக் கருதும் பாறை அது. இன்று அதில் ஏறத் தடை. அந்தத் தடை நியாயமானது.

கோல்பியின் கணக்கில் இன்னொரு பாதி இருந்ததே, மலையைப் பார்த்தவர் மலைக்காகப் பேசுவார் என்பது. அதுவும் பலித்தது. எல்லாச் சண்டையிலும் அவர்கள் ஜெயிக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவின் குடிநீருக்காக யோசெமிட்டி பூங்காவுக்குள்ளேயே ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் அணை கட்ட 1913இல் அனுமதி கிடைத்தது. மியூரும் கோல்பியும் வருடக்கணக்கில் எதிர்த்தும் தோற்றார்கள். மறு வருடம் மியூர் இறந்தார். ஆனால் அதற்குள் முகாம்கள் வேறு ஆட்களை உருவாக்கியிருந்தன. வெண்காரம் விற்றுப் பணக்காரரான ஸ்டீவன் மேதர் 1905இல் கிளப்போடு ரெய்னியர் மலைக்குப் போனவர். 1916இல் தேசியப் பூங்காக்களுக்கென்று தனித் துறை உருவானபோது அதன் முதல் இயக்குநர் அவர்தான்.

ஆன்சல் ஆடம்ஸ் தன் கோடைப் பயணங்களில் எடுத்த படங்களைத் தூக்கிக்கொண்டு 1936இல் வாஷிங்டனுக்குப் போய், கிங்ஸ் கேன்யனைப் பூங்காவாக்க வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பார்த்துப் பேசினார். 1938இல் அவருடைய சியரா படங்கள் புத்தகமாக வந்தன. அது உள்துறைச் செயலர் ஹெரால்ட் இக்கஸ் வழியாக அதிபர் ரூஸ்வெல்ட்டின் கைக்குப் போனது. 1940 மார்ச்சில் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காவானது. இன்று மியூர் பெயரில் சியராவின் முதுகோடு ஓடும் நெடுந்தடத்துக்கு மாநில அரசிடம் பணம் கேட்கலாம் என்ற யோசனையும் 1914 கோடை முகாமில் எழுந்ததுதான். மறு வருடமே மாநில அரசு 10,000 டாலர் ஒதுக்கியது. தடம் முடிய 1938 ஆனது.

கனடாவிலும் இதே கதை, வேறு ஆட்களோடு. நில அளவையாளர் ஆர்தர் வீலர், அமெரிக்க ஆல்பைன் கிளப்பின் கிளையாகக் கனடாப் பிரிவைத் தொடங்கலாம் என்று யோசித்தார். வினிபெக் பத்திரிகையாளர் எலிசபெத் பார்க்கர் கொதித்துப்போய், நம் மலைக்கு நாமே சங்கம் வைக்க முடியாதா என்று எழுதினார். வீலர் அவர் பக்கம் வந்தார். 1906 மார்ச்சில் கனடா ஆல்பைன் கிளப் தொடங்கியது, ஜூலையில் யோஹோ கணவாயில் முதல் முகாம். நூற்றுக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அப்போது முழு உறுப்பினர் ஆக வேண்டுமென்றால் 10,000 அடிக்குக் குறையாத ஒரு சிகரத்தை ஏற வேண்டியிருந்தது. லண்டனில் ஏறியவருக்குத்தான் சங்கம். இங்கே சங்கமே ஏறக் கற்றுக்கொடுத்து, முகாமுக்குப் பக்கத்திலேயே சிகரத்தையும் காட்டி, ஸ்விஸ் வழிகாட்டிகளையும் துணைக்குக் கொடுத்தது. பெண்களுக்கும் அதே விதி, அதே சிகரம். கயிற்றில் பாவாடைக்கு இடமில்லை என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த முகாமில் ஏறுவதோடு அளப்பதும் நடந்தது. பிலடெல்பியாவிலிருந்து வந்த வாக்ஸ் குடும்பத்து உடன்பிறப்புகள் பல வருடங்களாகக் கனடாப் பனியாறுகளை அளந்துவந்தவர்கள். அவர்களோடு சேர்ந்து யோஹோ பனியாற்றின்மேல் உலோகத் தகடுகளைப் பதித்து, பனி எவ்வளவு நகர்கிறது என்று கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். 1913இல் முகாம் ராப்சன் மலையடிக்குப் போனது. அங்கிருந்துதான் ஜூலை 31 அன்று ஆஸ்திரிய வழிகாட்டி கான்ராட் கெய்ன், ஆல்பர்ட் மெக்கார்த்தியையும் வில்லியம் ஃபாஸ்டரையும் கூட்டிக்கொண்டு, கனடா ராக்கி மலைகளிலேயே உயரமான அந்தச் சிகரத்தை முதல் தடவையாகத் தொட்டார். 1924இல் கிளப் மறுபடி அங்கே முகாம் போட்டபோது கெய்னின் கயிற்றில் ஃபிலிஸ் மன்டே ஏறினார். ராப்சன் உச்சியை எட்டிய முதல் பெண்களில் ஒருவர் அவர். மறு வருடம் அவரும் கணவர் டானும் கடற்கரை மலைத்தொடரில் தொலைவில் ஒரு பெரிய சிகரத்தைக் கண்டு, பல வருடங்கள் அதைத் தேடி அலைந்தார்கள். இன்று வாடிங்டன் என்று பெயர் பெற்ற மலை அது.

சியாட்டிலின் ‘தி மௌண்டனியர்ஸ்’ சங்கமும் 1906இல் பிறந்து, 1907இல் முதல் கோடைப் பயணமாக ஒலிம்பிக் மலைகளுக்குப் போனது. அவர்களுக்கு நாடகப் பித்து அதிகம். 1923இல் காட்டுக்குள்ளேயே திறந்தவெளி அரங்கம் அமைத்து நாடகம் போடத் தொடங்கினார்கள். அந்தச் சங்கத்து உறுப்பினர்களான லாய்ட், மேரி ஆண்டர்சன் தம்பதி நல்ல பனிக்கோடரி நியாயமான விலைக்குக் கிடைக்கவில்லை என்று ஆஸ்திரியாவிலிருந்து நேரடியாக வரவழைத்தார்கள். நண்பர்கள் எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். 1938இல் அது கூட்டுறவுச் சங்கமானது. இன்று அமெரிக்கா முழுக்கக் கடைகள் வைத்திருக்கும் ஆர்ஈஐ நிறுவனத்தின் வேர் அங்கே இருக்கிறது.

இருநூறு பேர் ஒரே புல்வெளியில் இறங்கினால் புல்வெளி என்ன ஆகும்? கோவேறு கழுதைகள் புல்லை ஒட்ட மேய்ந்தன. குளம்புகள் ஈரமண்ணைப் பள்ளமாக்கின. உயரத்தில் நூற்றாண்டுக் கணக்கில் மெதுவாக வளர்ந்த மரங்களின் காய்ந்த கிளைகள் அடுப்புக்கும் தீக்கும் போயின. அரசுப் பூங்காத் துறையின் உயிரியலாளர் லோவல் சம்னர் இந்தச் சேதத்தை எழுத்தில் வைத்தார். கிளப்புக்குள்ளேயே டிக் லெனர்டும் பிரவரும் அந்தக் குரலைக் காதில் வாங்கினார்கள். மக்கள் எளிதில் போய்வரும்படி மலையைத் திறந்துவிடுவது என்பது சங்கத்தின் குறிக்கோளில் 1892 முதல் இருந்த வாசகம். 1951இல் அதை நீக்கி, பாதுகாப்பது என்று மாற்றினார்கள். தன்னை வளர்த்த வழக்கத்தையே கேள்வி கேட்க ஒரு சங்கத்துக்கு நெஞ்சுரம் வேண்டும். சியரா கிளப்புக்கு அது இருந்தது.

1949இல் கழுதைக்காரர்கள், பூங்காக் காவலர்கள், வனத்துறையினர், மலையேறிகள் எல்லாரையும் ஒரே கூரையின்கீழ் கூட்டி, எத்தனை பேர் போகலாம், எங்கே மேய்க்கலாம் என்று பேச ஒரு மாநாடு நடத்தினார்கள். அது தொடர் மாநாடாகி, காட்டுநிலங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற இயக்கத்துக்குத் தோள்கொடுத்தது. 1964இல் வனநிலச் சட்டம் நிறைவேறியது. பெரிய பயணங்களுக்குப் பக்கத்தில், முதுகுப்பையோடு போகும் சிறு குழுக்களும் ஒரே இடத்தில் தங்கும் முகாம்களும் வளர்ந்தன. பெரிய ஹை ட்ரிப்கள் படிப்படியாகச் சுருங்கி நின்றுபோயின. இன்று யோசெமிட்டியின் வனப்பகுதியில் தடத்தில் போகும் குழுவுக்கு உச்சவரம்பு 15 பேர், தடம் விட்டுப் போனால் 8 பேர். 9,600 அடிக்கு மேல் விறகுத் தீ மூட்டக் கூடாது. உணவைக் கரடி திறக்க முடியாத டப்பாவில் வைக்க வேண்டும்.

அப்படியென்றால் அந்தக் கூட்டுச் சாப்பாடும் தீயருகே பேச்சும் எங்கே போயின? இடம் மாறியிருக்கின்றன. கனடா ஆல்பைன் கிளப் தன் பொது மலையேற்ற முகாமை இன்றும் கோடைதோறும் நடத்துகிறது. சாமானும் ஆட்களும் ஹெலிகாப்டரில் போகிறார்கள், ஒரு வாரத்துக்கு ஒரு குழு. சமையல்காரர்கள் உண்டு, வழிகாட்டிகள் உண்டு, எல்லாரும் சேர்ந்து உட்காரும் சாப்பாட்டுக் கூடாரம் உண்டு. மாலையில் நாளைக்கு யார் எந்தச் சிகரம், யாரோடு யார் கயிறு என்பது அந்தக் கூடாரத்தில்தான் முடிவாகிறது. சியாட்டில் சங்கம் 1930களில் தொடங்கிய மலையேற்றப் பாடத்தைத் தன்னார்வலர்களை வைத்தே நடத்திவருகிறது. போன வருடம் முடிச்சு கற்றவர் இந்த வருடம் முடிச்சு கற்றுத்தருகிறார். அந்தப் பாடக்குறிப்புகளிலிருந்து 1960இல் உருவான கையேடு உலகம் முழுக்க மலையேறிகளின் பாடப்புத்தகமாகிவிட்டது.

இப்போது உள்ளரங்கச் சுவர்களில் ஏறப் பழகுகிறவர்கள் ஏராளம். கட்டணம் கட்டினால் கயிறும் சுவரும் கிடைக்கின்றன. பிலே பிடிக்கும் தானியங்கி இயந்திரம்கூட வந்துவிட்டது. தனியாகப் போய் தனியாக ஏறிவிட்டு வரலாம். உடம்புக்கு நல்லதுதான். ஆனால் வெளிமலைக்குப் போகும் நாளில் இயந்திரம் கூட வராது. அதனால்தான் பல சங்கங்கள் புதிதாகச் சேருபவரை முதல் வாரமே சிகரத்துக்கு அனுப்புவதில்லை. ஒரு வார இறுதி முகாமுக்கு வரச் சொல்லி, அடுப்பு பற்றவைக்கவும் பாத்திரம் கழுவவும் அனுபவசாலிகளோடு சேர்த்துவிடுகின்றன. தண்ணீர் தூக்கச் சொன்னால் யார் எழுந்து போகிறார், மழை வந்தால் யார் மற்றவர் கூடாரத்தையும் இழுத்துக் கட்டுகிறார் என்று இரண்டு நாளில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அடுத்த மாதம் கயிற்று ஜோடி போடும்போது அமைப்பாளர்கள் பார்ப்பது இந்தக் கணக்கையும்தான்.